மச்ச சாஸ்திரமும் சதைப் பரிசோதனையும்

(வாசகசாலைக் கூட்டமொன்றில், ஆஸ்பத்திரி பரிசோதனைச்சாலை ஊழியர் ஒருவர் பேசியது)



எனக்கு முன் பேசிய தோழர்கள் ஜோதிடத்தைப் பற்றியும், பரிகாரத்தைப் பற்றியும் வெகு விரிவாகவும், நீங்கள் கை தட்டிச் சிரிக்கும்படியாகவும் பேசிவிட்டார்கள். எனக்கு அவ்வளவு பேச்சு வன்மை கிடையாது. நான் டாக்டரும் அல்ல. டாக்டர்கள் அறுத்து அனுப்புகிற சதைத் துண்டை மெழுகில் பதித்து, சீவி, சாயமேற்றி, கண்ணாடித் துண்டில் ஒட்டி, மைக்ராஸ்கோப் மேசையில் கொண்டுபோய் வைக்கிற வேலைக்காரன். இருபது வருஷமாக அந்த வேலையையே செய்து வருகிறேன். ஆனதால் கண்ணால் பார்த்ததையும், அந்த மேசையில் உட்காருகிறவர்களிடம் கேட்டுத் தெரிந்து கொண்டதையும் சொல்லுவேனே தவிர, அலங்காரமாக ஒன்றும் சொல்லிவிடப் போவதில்லை.

நம் நாட்டில் மச்சத்திற்கு ஒரு சாஸ்திரம் இருக்கிறது. நெற்றியில் மச்சம் இருந்தால் ஒரு பலன், மார்பில் இருந்தால் ஒரு பலன், ஆணுக்கு வலப்பக்கம், பெண்ணுக்கு இடப்பக்கம் என்று தலை முதல் கால் வரை பங்கு போட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். ரயிலடியில் விற்கிற ஜோதிடப் புஸ்தகத்தில்கூட இதற்கென்று நாலு பக்கம் இருக்கும். ஆனால் தோழர்களே! இந்த சாஸ்திரம் முழுவதையும் புரட்டிப் பார்த்தாலும் "மச்சம் வளர்ந்தால் என்ன செய்வது? நிறம் மாறினால் என்ன செய்வது? இரத்தம் கசிந்தால் யாரிடம் காட்டுவது?" என்கிற ஒரு வரியைக் காண முடியாது. மச்சத்தைப் பார்த்துப் பணம் வருமா, பெண்டாட்டி எத்தனை என்று சொல்லத் தெரிந்தவனுக்கு, அந்த மச்சமே ஆளைக் கொன்றுவிடக் கூடும் என்பது மாத்திரம் தெரியவில்லை. சாஸ்திரம் எழுதினவன் மச்சத்தைப் பார்க்கவேயில்லை, மச்சம் உடையவனின் மடியைத்தான் பார்த்தான் என்பது இதிலிருந்தே விளங்கும்.

நான் இதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. என் தமையனாருக்கு வலது குதிகாலில் ஒரு கறுப்பு மச்சம் இருந்தது. அவர் செருப்பில்லாமல் சேற்றிலும் வரப்பிலும் நடந்து பாடுபட்டவர். மச்சம் முதலில் மிளகளவுதான். ஊருக்கு வந்த ஜோதிடர் ஒருவர் அதைப் பார்த்து, "உள்ளங்காலில் மச்சம், ஊர் ஊராகச் சுற்றுகிற யோகம், பல்லக்கு ஏறுவான்" என்றார். எங்கள் தாயாருக்கு வெகு சந்தோஷம். படியரிசியும் தட்சணையும் கொடுத்தனுப்பினார். இரண்டு வருஷத்தில் மச்சம் புளியங்கொட்டை அளவாகி, ஓரம் கோணலாகி, ஒரு பக்கம் நீலம் பாரித்து, நடுவில் வெடித்தது. இப்பொழுது வேறொரு ஜோதிடர் வந்தார். "நளன் கால் கழுவும்போது குதிகால் நனையாமல் விட்டதால்தானே சனி பிடித்தான்? இவனுக்கும் அதே இடத்தில் பிடித்திருக்கிறான்" என்று சொல்லி சனிக்கிழமைதோறும் எள் விளக்குப் போடச் சொன்னார். விளக்கும் எரிந்தது, மச்சமும் வளர்ந்தது. பிறகு ஒரு நாட்டு வைத்தியர் சேங்கொட்டைப் பாலை வைத்துச் சுட்டார். மேலே தோல் உரிந்து ஆறினாற்போலத் தோன்றி, மூன்று மாதத்தில் மறுபடியும் கிளம்பிற்று.

இதுவரை நடந்ததற்கு மூடநம்பிக்கைமேல் பழி போட்டுவிடலாம். அடுத்து நடந்ததற்கு அப்படிப் போட முடியாது. டவுனில் இங்கிலீஷ் வைத்தியர் ஒருவரிடம் போனோம். அவர் மரத்துப்போக ஊசி போட்டு, கால் மணி நேரத்தில் அதை அறுத்து எடுத்து, தையல் போட்டு, "ஒன்றும் பயமில்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அறுத்த சதை எங்கே போயிற்று? குப்பைத் தொட்டிக்குப் போயிற்று. அதைப் பரிசோதனைக்கு அனுப்பவேண்டும் என்று அவரும் சொல்லவில்லை. கேட்க வேண்டுமென்று எங்களுக்கும் தெரியவில்லை. எட்டு மாதம் கழித்துத் தொடை இடுக்கில் நெறி கட்டிற்று. பெரிய ஆஸ்பத்திரியில் அந்த நெறியில் ஊசி குத்தி எடுத்துப் பார்த்தார்கள். அப்பொழுதுதான் "மெலனோமா" என்கிற பேரை நாங்கள் முதன்முதலாகக் கேட்டோம். ஜோதிடர் சொன்னபடி ஊர் ஊராகத்தான் சுற்றினார், ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக. பல்லக்கும் ஏறினார், நாலு பேர் தோளில். அவருக்கு வயது 41.

நான் இந்த உத்தியோகத்திற்கு வந்த பிறகு எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். குப்பைத் தொட்டிக்குப் போன அந்தத் துண்டு எத்தனை மில்லி மீட்டர் ஆழம் இருந்திருக்கும்? அது தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் அகலமாக அறுத்திருப்பார்கள். நெறியையும் அப்பொழுதே சோதித்திருப்பார்கள். பிழைத்திருப்பாரோ மாட்டாரோ, அதைச் சொல்வதற்கு வேண்டிய ஒரே சாட்சியையும் எறிந்துவிட்டோம்.

இங்கே உங்களுக்கு ஒரு சரித்திரம் சொல்ல வேண்டும். லண்டனில் ஜான் ஹண்டர் என்ற சர்ஜன் இருந்தார். அவர் 1787-இல் 35 வயதுள்ள ஒருவரின் தாடை ஓரத்திலிருந்து ஒரு கட்டியை அறுத்தெடுத்தார். அது இன்ன நோய் என்று அவருக்குத் தெரியாது. மெலனோமா என்கிற பேரே அப்பொழுது பிறக்கவில்லை. தெரியாததால் அவர் என்ன செய்தார்? சனி என்றாரா? பூர்வ ஜன்மப் பாவம் என்றாரா? சாராயத்தில் போட்டுப் பத்திரப்படுத்தி வைத்தார். 181 வருஷம் கழித்து, 1968-இல், அதே துண்டை எடுத்துச் சீவி மைக்ராஸ்கோப்பில் பார்த்து "இது மெலனோமாதான்" என்று கண்டுபிடித்தார்கள். தனக்குத் தெரியாததைத் தனக்குப் பின்வருகிறவன் தெரிந்துகொள்ளட்டும் என்று வைத்துவிட்டுப் போகிற குணம் இருக்கிறதே, அதைத்தான் நான் பகுத்தறிவு என்று சொல்லுவேன். பிற்பாடு 1804-இல் பிரான்சு தேசத்தில் லென்னக் என்பவர், மார்பில் வைத்துப் பார்க்கிற ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்தாரே அவரேதான், இந்தக் கறுப்புக் கட்டிகள் தனி நோய் என்று எடுத்துக்காட்டினார்.

நிற்க. சதையை வைத்துக் கொண்டு என்னதான் செய்கிறீர்கள் என்று கேட்பீர்கள். துண்டு எங்களிடம் ஃபார்மலின் என்னும் தண்ணீரில் மிதந்துகொண்டு வரும். அது அழுகாமல் இருப்பதற்காக. 1893-இல் ஜெர்மனியில் ப்ளூம் என்பவர் கண்டுபிடித்த உபாயம் அது. பிறகு துண்டிலுள்ள நீரையெல்லாம் ஸ்பிரிட்டைக் கொண்டு வாங்கிவிட்டு, உருக்கிய மெழுகை ஊடுருவ விட்டு, கட்டியாக்குவோம். அந்த மெழுகுக் கட்டியை ஒரு யந்திரக் கத்தியில் சீவினால், தலைமயிரின் பருமனில் 15-இல் ஒரு பங்கு கனத்தில் நாடா நாடாகச் சீவல் வரும். அதைக் கண்ணாடியில் ஒட்டி இரண்டு சாயம் ஏற்றுவோம். ஒன்று மத்திய அமெரிக்காவில் விளைகிற ஒரு மரத்தின் வைரத்திலிருந்து எடுப்பது. அது ஜீவ அணுக்களின் நடுக்கருவை ஊதாவாக்கும். மற்றொன்று ஈயோசின், மீதியை ரோஜா நிறமாக்கும். இதற்கெல்லாம் ஒரு நாளுக்கு மேலே ஆகும். "அறுத்தது நேற்று, ரிப்போர்ட்டு எங்கே?" என்று கோபிக்கிற தோழர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

அப்படிச் சாயமேற்றிய தோலை நான் ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன். மேல் தோலின் அடி வரிசையில், பத்து அணுவுக்கு ஒன்று போல, நிறம் உண்டாக்குகிற அணுக்கள் உட்கார்ந்திருக்கும். அவைதான் மெலனின் என்கிற மையைச் செய்து பக்கத்திலுள்ள அணுக்களுக்குக் கொடுப்பவை. இதில் ஒரு அதிசயம் கேளுங்கள். வெள்ளைக்காரன் தோலிலும் ஆப்பிரிக்கன் தோலிலும் நம் தோலிலும் இந்த அணுக்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றேதான்! செய்கிற மையின் அளவிலும், அதைப் பொட்டலம் கட்டுகிற விதத்திலுந்தான் வித்தியாசம். முகத்திலிருந்து ஒருவனும் காலிலிருந்து ஒருவனும் பிறந்தார்கள் என்று சொல்லுகிறவர்கள் என் மேசைக்கு வரட்டும். அக்கிரகாரத்துத் தோல் ஒன்றையும், தீண்டக்கூடாதென்று ஒதுக்கப்பட்டவர் தோல் ஒன்றையும் சீவி வைக்கிறேன். எது எவருடையது என்று எந்தப் பண்டிதர் வந்து சொல்லுகிறார் பார்ப்போம். இந்தப் படிப்பையே நம் நாட்டிற்குள் விடக்கூடாதென்று பார்த்தவர்கள் உண்டு. பிணத்தைத் தொட்டால் ஜாதி போய்விடும் என்றார்கள். 1836-இல் கல்கத்தாவில் மதுசூதன் குப்தா என்பவர் துணிந்து கத்தியை எடுத்துப் பிணத்தை அறுத்துப் பாடம் காட்டினதை அக்காலத்தில் பெரிய சம்பவமாகப் பேசிக் கொண்டார்கள். இன்று அந்த வழியில் வந்த படிப்பினால் எல்லா ஜாதியாரும் உயிர் பிழைக்கிறார்கள். பிழைத்த பிறகு வீட்டிற்குப் போய்த் தீட்டுக் கழிக்கிறார்கள்!

இந்த நிற அணுக்கள் சில வேளைகளில் கூட்டமாகச் சேர்ந்து மச்சமாகின்றன. பெரும்பாலான மச்சங்களால் ஒரு கெடுதலும் இல்லை. ஆயுள் முழுதும் சும்மா இருந்துவிட்டுக் கூடவே போய்விடும். ஆனால் எப்பொழுதாவது அவைகளில் ஒன்றோ, அல்லது மச்சமே இல்லாத இடத்திலுள்ள ஒரு நிற அணுவோ, கட்டுக்கடங்காமல் பெருக ஆரம்பிக்கும். அதுதான் மெலனோமா. வெயில் அதிகமும் தோல் வெளுப்பும் சேர்ந்த ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற தேசங்களில் இது அதிகம். நம்மைப் போன்ற நிறமுள்ளவர்களுக்கு மிகவும் குறைவு. நமது கறுப்பே நமக்குக் குடை. கறுப்பைப் பழித்து முகத்திற்கு வெள்ளை பூசிக்கொள்ளுகிறவர்கள் இதை அறியவேண்டும். ஆனால் அந்தக் குடை எட்டாத இடங்கள் இருக்கின்றன. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி. நம்மவர்களுக்கு வந்தால் பெரும்பாலும் அங்கேதான் வருகிறது. யார் தன் உள்ளங்காலைப் பார்த்துக் கொள்ளுகிறான்? முள் குத்தினது என்றும், ஆணி என்றும், இரத்தக்கட்டு என்றும் நினைத்து விட்டுவிடுகிறோம். பாப் மார்லி என்று ஜமைக்கா தேசத்துப் பாடகர், உலகமெல்லாம் பேர் பெற்றவர். அவர் கால் விரல் நகத்தடியில் வந்ததைப் பந்து விளையாட்டில் பட்ட அடி என்றுதான் முதலில் நினைத்தார்கள். 1977-இல் பரிசோதித்து மெலனோமா என்றார்கள். விரலை எடுத்துவிடச் சொன்னார்கள். அவர் சம்மதிக்கவில்லை; அவரது மதக் கொள்கையே காரணம் என்று சொல்லப்படுகிறது. 1981-இல் 36-வது வயதில் இறந்து போனார். மதம் எந்தத் தீவிலும் ஒரே வேலையைத்தான் செய்கிறது போலும்.

எப்படி இருந்தால் காட்ட வேண்டும் என்று தாய்மார்கள் கேட்பீர்கள். பாதிக்குப் பாதி ஒத்திராத மச்சம், ஓரம் பிசிறடித்த மச்சம், ஒரே மச்சத்தில் கறுப்பும் பழுப்பும் நீலமும் கலந்தது, 6 மில்லி மீட்டருக்கு மேல் அகன்றது, எல்லாவற்றுக்கும் மேலாக, மாறிக்கொண்டு வருவது. பெரியவர்களுக்குப் புதிதாக உள்ளங்காலில் கறுப்புத் திட்டு வந்தாலும், ஒரே ஒரு நகத்தில் கறுப்புக் கோடு தோன்றி அகன்று கொண்டே போனாலும் காட்டிவிட வேண்டும். காட்டினால் உடனே அறுத்துவிடுவார்கள் என்று பயப்பட வேண்டாம். அநேகமாக லென்ஸு வைத்துப் பார்த்துவிட்டு "சாதாரண மச்சம், போய் வாருங்கள்" என்றுதான் சொல்லுவார்கள்.

சந்தேகம் வந்தால் முழு மச்சத்தையும் கொஞ்சம் ஓரத்தோடு அறுத்து எங்களுக்கு அனுப்புவார்கள். ஏன் முழுவதும் என்றால், 1970-இல் அமெரிக்காவில் பிரெஸ்லோ என்ற டாக்டர் ஒரு எளிய சங்கதியைக் கண்டுபிடித்தார். மெலனோமா எவ்வளவு அகலம் என்பதைவிட எவ்வளவு ஆழம் என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது என்பதுதான் அது. மைக்ராஸ்கோப்பில் ஒரு அளவுகோலை வைத்து, மேல் தோலிலிருந்து அடியில் கடைசிக் கெட்ட அணு வரையில் அளக்கிறார்கள். 1 மில்லி மீட்டருக்குள் இருக்கும்போது எடுத்துவிட்டால் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் பிழைத்துக் கொள்ளுகிறார்கள். 1 மில்லி மீட்டர் என்பது தபால் கார்டு நாலைந்தை அடுக்கினால் வரும் கனம். 4 மில்லி மீட்டரைத் தாண்டிவிட்டால் நிலைமை மிகவும் மோசம். எவ்வளவு அகல ஓரம் விட்டு மறுபடி அறுப்பது, நெறியைச் சோதிப்பதா வேண்டாமா என்பதெல்லாம் இந்த ஒரு எண்ணைக் கொண்டுதான். சேங்கொட்டை வைத்தும், சுண்ணாம்பும் சோடாவும் குழைத்துத் தடவியும் மச்சத்தைச் சுடுகிறார்களே, அவர்கள் மச்சத்தைச் சுடுவதில்லை. அந்த எண்ணைச் சுட்டு விடுகிறார்கள். மேலாக வழித்தெடுக்கிற அழகுச் சிகிச்சைக்காரர்களுக்கும் இதே வார்த்தையைச் சொல்லிக் கொள்ளுகிறேன்.

சில மெலனோமாக்கள் கறுப்பாகவே இராது. சாதாரணச் சாயத்தில் பார்த்தால் வேறு ஏதோ கட்டி போலத் தோன்றும். அதற்கு வேறு ஒரு உபாயம் இருக்கிறது. 1975-இல் இங்கிலாந்திலுள்ள கேம்பிரிட்ஜில் கோலர், மில்ஸ்டீன் என்ற இருவர், ஒருவர் ஜெர்மனியில் பிறந்தவர், மற்றவர் அர்ஜென்டினாவில் பிறந்தவர், எலியின் மண்ணீரல் அணுவையும் சாகாமல் பெருகுகிற புற்றுநோய் அணு ஒன்றையும் ஒன்றாய்ச் சேர்த்து, ஒரே குறியை மாத்திரம் தேடிப்போய்ப் பிடித்துக் கொள்ளுகிற எதிர்ப்பொருளை எவ்வளவு வேண்டுமானாலும் செய்துகொள்ளும் வழியைக் கண்டார்கள். அதில் சாயத்தைக் கட்டிவிட்டால், தேடுகிற அணு எதுவோ அது மாத்திரம் நிறம் பிடித்துக் காட்டிக்கொடுத்து விடும். மெலனோமாவுக்கு எஸ்-100, சாக்ஸ்-10, மெலான்-ஏ, எச்.எம்.பி-45 என்று இப்படிப் பல சாயங்கள் வைத்திருக்கிறோம். இதற்காக அவர்களுக்கு 1984-இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த வழிக்கு அவர்கள் பேடண்டு உரிமைகூட வாங்கி வைத்துக் கொள்ளவில்லை. மூஷிகம் எத்தனையோ காலமாகப் பிள்ளையாரைச் சுமந்து கொண்டிருந்தது. அதனால் மனிதனுக்கு என்ன பலன் என்று எனக்குத் தெரியாது. ஆராய்ச்சிச்சாலைக்கு வந்த பிறகு அது செய்திருக்கிற உபகாரம் இவ்வளவு.

இன்னும் ஒரு படி மேலே போய், அணுவுக்குள்ளே இருக்கிற மரபு எழுத்தையே படித்துப் பார்க்கிறார்கள். பிராஃப் என்னும் மரபணுவில் ஒரு எழுத்து மாறியிருப்பதால் அநேக மெலனோமாக்கள் உண்டாகின்றன என்று 2002-இல் கண்டார்கள். அந்த மாறுதலையே தாக்குகிற மருந்து 2011-இல் வந்தது. மாறுதல் இருக்கிறதா என்று சோதித்துத்தான் மருந்தைக் கொடுக்கலாம். இல்லாதவனுக்குக் கொடுத்தால் பலனில்லை என்பதோடு கெடுதலும் செய்யக்கூடும். உள்ளங்காலில் வருகிற நம் ஊர் வகையில் இந்த மாறுதல் குறைவு. இந்தப் புது மருந்துகளின் விலை ஏழை கனவிலும் எண்ண முடியாததாய் இருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கோபுரத்திற்குத் தங்கத் தகடு அடிக்கிற நாட்டில் மருந்துக்குப் பணமில்லை என்பது எவ்வளவு வெட்கக்கேடு!

இனி வேறொரு தோல் நோய். இது மச்சத்தைப் போலக் கறுப்பாக வராமல் தேமலைப் போல, படையைப் போல வரும். இடுப்பு, பிட்டம், தொடை, மார்பின் அடி என்று வேட்டியும் சேலையும் மூடுகிற இடங்களில் மெல்லிய திட்டுகளாகத் தோன்றி, வருஷக்கணக்கில் இருக்கும். கறுப்புத் தோலில், அதிலும் சிறு வயதினருக்கு, வெளுத்த திட்டுகளாகவும் வரும். வந்தால் நம் ஊரில் என்ன சொல்லுவார்கள்? நாக தோஷம் என்பான் ஒருவன். வைத்தீஸ்வரன் கோயில் குளத்தில் வெல்லம் கரைக்கச் சொல்லுவான் மற்றொருவன். பெண்ணாயிருந்தால் குஷ்டம் என்று கதை கட்டிக் கல்யாணத்தையே நிறுத்திவிடுவார்கள். குஷ்டம் என்பதே ஒரு கிருமியால் வருவது, பாவத்தாலும் பரம்பரையாலும் அல்ல என்று 1873-இல் நார்வே தேசத்து ஹான்சன் கண்டுபிடித்து, இன்று மாத்திரையால் குணப்படுத்தியும் வருகிறார்கள். அதற்கே நம் ஜனங்கள் இன்னும் பயந்து சாகிறார்கள் என்றால், பேரே தெரியாத நோய்க்குக் கேட்க வேண்டுமா?

நான் சொல்லுகிற நோய்க்குப் பேர் மைக்கோசிஸ் ஃபங்காய்டஸ். பாரிஸ் நகரத்தில் அலிபேர் என்ற டாக்டர் 1806-இல் இதை முதன்முதல் விவரித்து, கட்டிகள் காளான் போலத் தோன்றியதால் 1832-இல் இந்தப் பேரை வைத்தார். காளானுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது! இது நமது இரத்தத்திலுள்ள டி-அணு என்கிற வெள்ளை அணு, தோலில் வந்து தங்கிக் கட்டுமீறிப் பெருகுவதால் வருகிற லிம்ஃபோமா. பேர் தப்பு என்று எல்லா டாக்டர்களுக்கும் தெரியும். ஆனாலும் பழகிப்போனதால் அந்தப் பேரையே சொல்லி வருகிறார்கள். விஞ்ஞானிகளிடத்திலும் கொஞ்சம் மாமூல் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பேருக்காகக் காளான் மருந்து கொடுப்பதில்லை, அதுதான் வித்தியாசம். இதே இனத்தில் உடம்பெல்லாம் சிவந்து, இரத்தத்திலும் கெட்ட அணு ஓடுகிற கொடிய வகையை 1938-இல் செசாரி என்பவர் விவரித்தார்.

இந்த நோயைக் கண்டுபிடிப்பது மெலனோமாவைவிடக் கஷ்டம். ஏனெனில் சாதாரணக் கரப்பானிலும் படையிலும் இதே டி-அணுக்கள்தான் வந்து கூடியிருக்கும். கூட்டத்தைப் பார்த்து இது திருவிழாக் கூட்டமா, கொள்ளைக் கூட்டமா என்று சொல்ல வேண்டும். மேல் தோலுக்குள் வரிசையாக ஏறி உட்கார்ந்திருக்கிறதா, நடுக்கரு மூளையைப் போல மடிப்பு மடிப்பாய் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள். பிறகு சி.டி.3, சி.டி.4, சி.டி.8, சி.டி.7 என்ற சாயங்களைப் போட்டு எந்தக் குறி இருக்கிறது, எந்தக் குறி காணாமல் போயிற்று என்று பார்ப்பார்கள். அப்புறமும் சந்தேகமிருந்தால் கோத்திரம் பார்க்கிறார்கள்! சிரிக்காதீர்கள். ஒவ்வொரு டி-அணுவும் பிறக்கும்போது தன் மரபணுவில் ஒரு பாகத்தை வெட்டி ஒட்டித் தனக்கென்று ஒரு முத்திரை செய்து கொள்ளுகிறது. கரப்பானில் கூடிய அணுக்களுக்கு ஆயிரம் முத்திரை இருக்கும். லிம்ஃபோமாவில் கூடியவை ஒரே அணுவின் வம்சமானதால் எல்லாவற்றுக்கும் ஒரே முத்திரை. 1983-இல் மல்லிஸ் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்த பி.சி.ஆர். முறையால் அந்த முத்திரையைப் பெருக்கி எடுத்துப் பார்க்கலாம். எந்த ரிஷிக்கோ பிறந்தோம் என்று பூணூலை உருவிக்கொண்டு சொல்லுகிறவர்களின் கோத்திரத்திற்குச் சாட்சி கிடையாது. இந்தக் கோத்திரத்திற்குச் சாட்சி உண்டு. அப்படியும், கெடுதலில்லாத சில படைகளிலும் ஒரே முத்திரை வருவதுண்டு. ஆனதால் இரண்டு வேறு இடத்துத் திட்டுகளிலும் அதே முத்திரை வருகிறதா என்று ஒத்துப் பார்க்கிறார்கள்.

ஆகவே, "ஒரு தடவை சதை எடுத்தார்களே, மறுபடியும் எதற்கு?" என்று சண்டை போடாதீர்கள். ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாமலிருந்து, ஓரிரு வருஷம் கழித்து மூன்றாவது துண்டில் தெரிந்தவர்கள் அநேகர். கடையில் தாமாகவே வாங்கிப் பலபேர் பூசுகிற களிம்புகள் இருக்கின்றன. அவை டி-அணுக்களை விரட்டிவிட்டு எங்களை ஏமாற்றிவிடும். டாக்டர் நிறுத்தச் சொன்னால் சில வாரம் நிறுத்திவிட்டுச் சதை கொடுக்க வேண்டும். ஆரம்ப நிலையில் இந்த நோயைக் கண்டு பயப்படுவதற்கில்லை. களிம்பாலும், புற ஊதா வெளிச்சத்தாலும் அடக்கி, அநேகர் தங்கள் முழு ஆயுளையும் வாழ்ந்து விடுகிறார்கள். அந்த வெளிச்ச வைத்தியத்திற்குத் துணையாகக் கொடுக்கிற சோரலன் என்ற மருந்தினத்திற்கு அந்தப் பேர் வந்ததே நம் கார்போகரிசிச் செடியின் சாஸ்திரப் பேரிலிருந்துதான். நம் பழைய வைத்தியர்கள் அதை வெண்திட்டுக்குத் தடவி வெயிலில் நிற்கச் சொன்னார்கள். பழையது என்பதற்காக நாம் எதையும் தள்ளுகிறவர்கள் அல்ல. சோதித்துப் பார்த்துத் தேறினது எதுவானாலும் எடுத்துக் கொள்ளுகிறவர்கள்தான்.

பரிசோதனைச்சாலை தப்பே செய்யாதா என்று ஒரு தோழர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். நல்ல கேள்வி. செய்யும். அமெரிக்காவில் 187 சதைப் பரிசோதனை நிபுணர்களிடம் மச்ச, மெலனோமாத் துண்டுகளைக் கொடுத்து, ஒவ்வொருவரும் சொன்னதைத் தேர்ந்த நிபுணர்கள் கூடிச் செய்த முடிவோடு ஒப்பிட்டு 2017-இல் வெளியிட்டார்கள். சாதாரண மச்சத்தில் 100-க்கு 92 ஒத்தது. ஆழமாய் இறங்கின மெலனோமாவில் 72 ஒத்தது. இடைப்பட்ட ரகங்களில் பாதிகூட ஒத்துவரவில்லை! எட்டு மாதத்திற்குப் பிறகு அதே துண்டை அதே ஆளிடம் கொடுத்தால் தன் அபிப்பிராயத்தைத் தானே மாற்றிக் கொண்டவர்களும் உண்டு. இதைக் கண்டுபிடித்தவர்கள் யார்? பகைவர்களா? அந்தத் தொழில்காரர்களும் டாக்டர்களுமே கணக்கெடுத்து, எல்லோரும் படிக்கும்படி அச்சிட்டு வெளியிட்டார்கள். எந்த மடமாவது, எந்த ஜோதிட சங்கமாவது தாங்கள் சொன்ன பலன் எத்தனை பலித்தது, எத்தனை பொய்த்தது என்று இதுபோல் ஒரு கணக்கு வெளியிட்டதுண்டா? எங்கள் ரிப்போர்ட்டில் "நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை, மறுபடி சதை அனுப்பவும்" என்று எழுதியிருந்தால் அதை நீங்கள் அவமானமாக நினைக்கக்கூடாது. என் வாழ்நாளில் "எனக்குத் தெரியவில்லை" என்று சொன்ன ஜோதிடன் ஒருவனைக்கூட நான் கண்டதில்லை.

தப்பு நேரும் என்பதால்தான் ஒரு சங்கதியை ஞாபகத்தில் வையுங்கள். உங்கள் சதை பதித்த மெழுகுக் கட்டியை நாங்கள் எறிவதில்லை, வருஷக்கணக்கில் வைத்திருக்கிறோம். வேறு ஊர் நிபுணரிடம் காட்ட வேண்டுமென்றால் கட்டியையோ கண்ணாடித் துண்டையோ கேட்டு வாங்கிக்கொண்டு போகலாம். வெட்கப்படாமல் கேளுங்கள். யார் உங்கள் உடம்பிலிருந்து எதை அறுத்தாலும், மச்சமானாலும் மருவானாலும், "இதைப் பரிசோதனைக்கு அனுப்புகிறீர்களா? ரிப்போர்ட்டு என்றைக்கு வரும்?" என்று கேளுங்கள். வந்த காகிதத்தை ரேஷன் கார்டோடு சேர்த்துப் பெட்டியில் வையுங்கள். அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் இதற்கென்றே ஒரு இலாகா இருக்கிறது. தாய்மார்கள் மூடின இடத்திலுள்ள திட்டைப் பெண் டாக்டரிடமாவது காட்டுங்கள். மாமியாரிடமும் புருஷனிடமும் உத்தரவு கேட்டுக் காத்திருக்க வேண்டாம்; தோல் உங்களுடையது.

நேரமாகிவிட்டதென்று தலைவர் மணியைப் பார்க்கிறார். ஒன்று சொல்லி உட்காருகிறேன். தலைவர் அனுமதியின்மேல் பின்பக்கத்து மேசையில் ஒரு மைக்ராஸ்கோப்பைக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். அதில் இருப்பது என்னுடைய தோள்பட்டையில் இருந்த மச்சத்தின் சீவல். இரண்டு வருஷத்திற்கு முன் ஓரம் மாறுகிறது என்று சந்தேகப்பட்டு எடுத்தார்கள்; ரிப்போர்ட்டு சாதாரண மச்சம் என்று வந்தது. சாஸ்திரப்படி அது எனக்குத் தனயோகம் கொடுக்க வேண்டிய மச்சம். எடுத்த பிறகும் சம்பளம் குறையவில்லை. குழந்தைகளை முதலில் விடுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொள்ள வேண்டியதில்லை, இரண்டு கண்ணையும் திறந்தே பார்க்கலாம். பக்கத்தில் இருக்கிற திருகை மாத்திரம் யாரும் தொடவேண்டாம்.